எப்ப தம்பி நியமனம்?

பட்டமளிப்பு விழா முடிந்து, வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்டூடியோக்காரரிடம் படத்துக்கு முற்பணம் கட்டி, கம்பளை, நாவலப்பிட்டி என்று பஸ் மாறி மாறி நானும் அம்மாவும் கினிகத்தேனையில் வந்து இறங்கும்போது இரவு எட்டரை மணி. நல்ல மழை. பொல்பிட்டிய பக்கம் போகும் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. ஆட்டோ பிடித்தோம். ஓட்டுகிற அண்ணன் கண்ணாடியில் என் டையைப் பார்த்துவிட்டு விசாரித்தார். "மகன் கம்பஸ் முடிச்சிட்டான், இன்னைக்குத்தான் பட்டம் குடுத்தாங்க" என்று அம்மா சொன்னது.

"அப்படியாக்கா, சந்தோஷம். எப்ப தம்பி நியமனம்?"

பட்டம் கைக்கு வந்து ஏழு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் எங்கள் தோட்டத்தில் இல்லை. கோயில் தலைவர் கேட்டார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை கேட்டார். ஒரு சாவு வீட்டில், பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது, மூங்கிலைப் பிளந்தபடியே ஒரு மாமா கேட்டார். என்ன படித்தாய், எதில் விருப்பம், அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் பக்கம் பட்டதாரி என்றால் நியமனத்துக்குக் காத்திருக்கிறவன். நியமனம் என்றால் அரசாங்க வேலை. அதிலும் முக்கால்வாசி வாத்தியார் வேலை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் தாத்தா இந்த நாட்டில் பிறந்தவர். ஆனால் 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது நாடற்றவர் ஆனார். குடியுரிமை இல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடையாது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் பாதிக் குடும்பம் கப்பலேறிப் போயிற்று, மீதிக் குடும்பம் கடதாசிக்குக் காத்திருந்தது. 1988-இலும் 2003-இலும் வந்த சட்டங்களுக்குப் பிறகுதான் அந்தக் கதை ஒரு முடிவுக்கு வந்தது. அப்படிப்பட்ட சனத்துக்கு, மேலே அரச இலச்சினை போட்ட ஒரு கடிதம் வீட்டுக்கு வருவதென்றால் சம்பளம் மட்டுமா? நீ இந்த நாட்டு ஆள்தான் என்று நாடே எழுதிக் கொடுக்கிற கடிதம் அது. ஆட்டோக்கார அண்ணன் கேட்டது அதைத்தான். எனக்குத்தான் அது விளங்கக் கொஞ்சக் காலம் எடுத்தது.

சரி, பொல்பிட்டிய எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு. நுவரெலியா மாவட்டம்தான், ஆனால் குளிர், பைன் மரம், ஸ்ட்ரோபெரி எல்லாம் மேலே. நாங்கள் மாவட்டத்தின் அடிவாரம். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் இந்தப் பக்கம்தான் சேர்ந்து களனி கங்கையாகின்றன. தேயிலையோடு இறப்பரும் உண்டு. அட்டையும் உண்டு. கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன் பிரிட்ஜ் எல்லாம் இலங்கையிலேயே அதிகமாக மழை பெய்கிற இடங்கள். எங்கள் லயத்தில் எதை எங்கே வைத்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். என் பட்டச் சான்றிதழ் மூன்று பொலித்தீன் உறைக்குள், ஒரு மலிபன் பிஸ்கட் டின்னில், அடுப்புக்கு மேலே இருக்கிற பரணில்தான் இருக்கிறது. அடுப்பு வெப்பம் படுவதால் அதுதான் பாதுகாப்பு. புகை வாசம் அடிக்கும், பரவாயில்லை.

ஊரை வெளியாட்களுக்குத் தெரிவது மின்நிலையத்தால்தான். 1969-இல் ஓடத் தொடங்கியது. லக்சபானவில் மின்சாரம் எடுத்து முடிந்த தண்ணீரை மறுபடி சுரங்கத்தில் விட்டு இங்கே இன்னொரு தடவை உருளையைச் சுற்றவைக்கிறார்கள். இப்போது அதற்கும் கீழே, கித்துல்கல போகிற வழியில், புரோட்லண்ட்ஸ் என்று இன்னும் ஒன்று, 35 மெகாவாட். ஒரே தண்ணீருக்கு எத்தனை வேலை பாருங்கள். எங்களில் பாதிப் பேருக்கு ஒன்றுகூட இல்லை.

இந்த மின்சாரக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் பொறியியலாளர் விமலசுரேந்திர. லக்சபானவில் விழுகிற தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு 1918-இல் கட்டுரை படித்தார். 1924-இல் வேலை தொடங்கி, காசு இல்லையென்று சில வருஷத்தில் நிறுத்தினார்கள். மனுஷன் உத்தியோகத்தை விட்டுவிட்டு 1931-இல் அரசாங்க சபைக்கே போட்டியிட்டு உள்ளே போனார். கடைசியில் லக்சபானவில் மின்சாரம் வந்தது 1950-இல். முப்பத்திரண்டு வருஷம். என் விசேட பட்டத்துக்கு மேல்களனி நீரேந்துப் பகுதியைப் பற்றித்தான் ஆய்வுக் கட்டுரை எழுதினேன். அதில் இவரைப் பற்றி ஒரு அடிக்குறிப்புப் போட்டேன். நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில் அடிக்கடி நினைவுக்கு வந்தது அந்த அடிக்குறிப்புத்தான்.

மின்நிலையத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் லயத்திலிருந்து ஒருவரும் பொறியியல் படிக்கவில்லை. காரணம் மூளை இல்லை, பஸ். சாதாரணதரம் எழுதிவிட்டுக் கணிதப் பிரிவில் தமிழ்மொழியில் உயர்தரம் படிக்க வேண்டுமென்றால் எனக்கு ஹட்டன்தான். காலையில் இருட்டோடு கிளம்பி, கினிகத்தேனையில் பஸ் மாறி, மழையில் மண் சரிந்தால் பாதியில் நின்று, பின்னேரம் டியூஷன் முடித்துத் திரும்ப பஸ் இல்லை. தங்கிப் படிக்கக் காசு இல்லை. கலைப் பிரிவு பக்கத்துப் பள்ளியிலேயே இருந்தது. தமிழ், புவியியல், இந்து நாகரிகம். எல்லாரும் எடுப்பது அதுதான், நானும் எடுத்தேன். என் பாடத்தைத் தெரிவு செய்தது பஸ் ரூட். இன்றைக்கும் "ஏன் எல்லாரும் ஆர்ட்ஸே படிக்கிறீங்க?" என்று கொழும்பில் யாராவது ஏளனமாகக் கேட்டால், காலை ஐந்து மணிக்கு எங்கள் பாதையில் வந்து நின்று பாருங்கள் என்பதுதான் என் பதில்.

நுவரெலியாவுக்குப் பின்தங்கிய மாவட்டம் என்ற ஒதுக்கீடு இருக்கிறது. திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5. இசட் புள்ளி குறைவாக இருந்தாலும் உள்ளே போகலாம் என்பதால் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து எங்கள் மாவட்டத்தில் பரீட்சை எழுதுகிறார்கள் என்ற சண்டை வருஷா வருஷம் நடக்கும். அதில் இப்போது இறங்க விரும்பவில்லை. எனக்குப் பேராதனை கிடைத்தது. நான் உள்ளே போகும்போது அம்மாவின் நாள் சம்பளம் எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து 620 ரூபாய். மகாபொல உதவித்தொகை கொஞ்சக் காலம் போய் மாதம் 5,000 ரூபாய் ஆனது. அதில் நானும் சாப்பிட்டு, தங்கச்சியின் டியூஷன் காசும் கட்டினேன்.

மலையகத்திலிருந்து எங்களுக்கு முன்னால் பட்டம் வாங்கியவர்கள் யார் என்று தேடிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. பொருளியல் பேராசிரியர் மு. சின்னத்தம்பி, கொழும்பில் கல்விப் பீடத்தை நடத்திய சோ. சந்திரசேகரன், ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் அதிபராக இருந்த இர. சிவலிங்கம். ஹைலண்ட்ஸில் படித்த வயதானவர்களிடம் சிவலிங்கம் சேர் பேச்சை எடுத்தால் உங்கள் பின்னேரம் போய்விடும், அவ்வளவு சொல்வார்கள். அந்தத் தலைமுறையில் மலையகத்தில் பட்டதாரிகளை விரல்விட்டு எண்ணலாம். ஒருவர் பட்டம் வாங்கினால் ஒரு பள்ளிக்கூடமே நிமிர்ந்தது. தோட்டப் பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்த காலம். ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை. எழுபதுகளில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுத்த பிறகு வாத்தியார்கள் தேவைப்பட்டார்கள். படித்தவன் வாத்தியார் ஆவது அப்போது ஊருக்கும் தேவை, அவனுக்கும் மரியாதை. அந்த வழக்கம்தான் இன்றுவரை வருகிறது. ஆனால் இப்போது ஒரு தோட்டத்தில் நான்கைந்து பட்டதாரிகள். பள்ளிக்கூடம் அதே ஒன்றுதான்.

பட்டம் வாங்கியபின் முதல் வேலை ஒரு ஃபைல் வாங்குவது. சான்றிதழ்கள், அவற்றின் பிரதிகள், கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிறப்பத்தாட்சிப் பத்திரம். இரண்டாவது வேலை, வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானி பார்ப்பது. முன்பெல்லாம் கடையில் வாங்குவார்களாம், நாங்கள் போனில் பார்த்தோம். எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை. பீலிக்கரைக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறினால் இரண்டு கோடு விழும். வெள்ளிக்கிழமை அந்திக்கு நானும் இன்னும் இரண்டு பேரும் அந்தப் பாறையில் குடையோடு உட்கார்ந்திருப்போம். பார்க்கிறவர்கள் காதல் தோல்வி என்று நினைத்திருப்பார்கள்.

அப்படிப் பார்த்துப் போட்ட ஒரு விண்ணப்பத்துக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. வந்தது என்றால், வந்து கிடந்தது. லயத்துக்குத் தனியாக முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அவ்வளவுதான். எல்லாருடைய கடிதமும் ஓர் இடத்தில் போய் விழும். அங்கிருந்து யாராவது எடுத்து, யாரிடமாவது கொடுத்து, அவர் ஞாபகமாகக் கொண்டுவந்தால் கிடைக்கும். என் கடிதம் கைக்கு வந்தபோது நேர்முகம் முடிந்து பதினொரு நாள். உறையின் ஓரத்தில் தேநீர்க் குவளை வைத்த வட்டம் இருந்தது. யாரோ அதை மேசையில் வைத்து, அதன்மேல் குவளையை வைத்து, நிதானமாகக் குடித்திருக்கிறார்கள். யார் என்று தெரியும். பெயர் வேண்டாம், அவரும் நல்ல மனுஷன்தான். அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறேன், பிஸ்கட் டின்னில், பட்டத்துக்குக் கீழே.

அப்புறம் கொழும்பு. ஓர் இரும்புக் கடையில் பில் எழுதுகிற வேலை. கடையில் என்னோடு வேலை செய்த பொடியன்கள் பாதிப் பேர் மலைநாட்டுப் பொடியன்கள்தான். ஒன்பதாம் வகுப்போடு வந்தவனும் நானும் ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்தோம். அவனுக்குச் சம்பளம் என்னைவிட இரண்டாயிரம் கூட, ஏனென்றால் அவனுக்கு அனுபவம் ஏழு வருஷம். நியாயம்தானே?

2020-இல் அரசாங்கம் பட்டதாரிகளை மொத்தமாக எடுத்தது. ஒரு வருஷப் பயிற்சி, மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு, பிறகு நிரந்தரம். பட்டியல் வந்தபோது பெரிய கூத்து. ஊழியர் சேமலாப நிதி பிடிக்கிற வேலையில் இருந்தவர்களின் பெயர்களை வெட்டிவிட்டார்கள். வேலையில் இருக்கிறவன் வேலையில்லாப் பட்டதாரி இல்லையாம். என் கூட்டாளி ஒருவன் ஒரு கம்பனியில் மாதம் இருபத்தைந்தாயிரத்துக்கு வேலை செய்து ஒழுங்காக நிதி கட்டியவன், அவன் பெயர் போயிற்று. என் முதலாளி ஒரு சதம்கூடக் கட்டாதவர், அதனால் என் பெயர் இருந்தது! சட்டத்தை மீறிய முதலாளிக்கு நன்றி சொல்ல வேண்டிய நிலைமை. கூட்டாளி மேன்முறையீடு செய்து பிறகு எடுபட்டான்.

கடிதம் இந்த முறை நேரத்துக்கே வந்தது. அம்மா அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டியது. கற்பூரம் பட்டு ஒரு மூலை கருகிவிட்டது. அடுத்த நாள் அந்தக் கருகிய கடிதத்தோடுதான் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஓர் அரசாங்க அலுவலகம், பெயர் வேண்டாம். ஒரே நாளில் எங்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்பியிருந்தார்கள். உட்காரக் கதிரை இல்லை. சும்மா பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே கதிரை இல்லை. காலையில் முதலில் வருகிறவனுக்குக் கதிரை, பிறகு வருகிறவனுக்கு ஜன்னல் கட்டை. கதிரை பிடிப்பதற்காகவே ஏழரைக்கு வந்தவர்கள் உண்டு. அரசாங்க சேவையில் நேரந்தவறாமையை வளர்க்க இதைவிட நல்ல வழி இல்லை. கையெழுத்துப் போட்டு, பத்து மணிக்குத் தேநீர் குடித்து, நாலே காலுக்குக் கையெழுத்துப் போட்டு வருவோம். 2021-இல் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாயானபோது ஒரு மாதம் அம்மாவுக்கு இருபது நாள் வேலை கிடைத்தது. அந்த மாதம் பதினெட்டுக் கிலோ, இருபது கிலோ என்று கொழுந்து எடுத்து அம்மா உழைத்ததும், கையெழுத்துப் போட்டு நான் உழைத்ததும் ஒரே தொகை. அன்றிரவு அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே, "ஒனக்கு அட்டை கடிக்கல, அவ்வளவுதான்" என்றது.

வேலை என்று ஒன்று எனக்குத் தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒரு புதன்கிழமை, மக்கள் தினம். ஓய்வு பெற்ற கொழுந்தெடுக்கிற ஆச்சி ஒருவர் மூன்று கவுண்டருக்கு அலைந்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சேமலாபக் காசு கிடைக்கவில்லை. என்னவென்று பார்த்தேன். பிறப்பத்தாட்சியில் பெயர் முத்தாயி. தோட்டத்துச் செக்ரோலில், எந்தக் காலத்திலோ ஒரு கிளாக்கர் ஐயா எழுதிவிட்டபடி, முத்தம்மா. அடையாள அட்டையில் சிங்களத்தில் எழுதியிருப்பதைத் திரும்பத் தமிழில் வாசித்தால் முத்தையா. ஒரே ஆச்சி, மூன்று ஆள், அதில் ஒருவர் ஆண். நாற்பது வருஷம் உழைத்த காசு இந்த மூன்று பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது.

சிங்களத்தில் கடிதம் எழுதினேன். தோட்டத்திலிருந்து ஒரு கடிதம், கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம், சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி, மூவரும் ஒருவரே என்று. அடையாள அட்டையைத் திருத்த இன்னொரு விண்ணப்பம். நாலு மாதம் எடுத்தது. காசு வந்த அன்று ஆச்சி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, எல்லாருக்கும் முன்னால் என் கன்னத்தைப் பிடித்து ஆட்டியது. அடுத்த புதன்கிழமை அந்தத் தோட்டத்திலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்கு ஒரு மேசை தேவைப்பட்டது. அதனால் கதிரையும் கிடைத்தது.

கம்பஸில் படித்த புவியியலில் இதற்கு ஒன்றும் உதவவில்லை. உதவியது, விடுதியில் பக்கத்து அறை சிங்களப் பொடியனோடு நாலு வருஷம் சண்டை பிடித்துக் கற்ற சிங்களம்.

2022 ஜனவரியில் அபிவிருத்தி உத்தியோகத்தராக நிரந்தரம். அடுத்த சில மாதங்களில் ரூபாய் விழுந்தது, நாடே வரிசையில் நின்றது. சம்பளமில்லா லீவில் ஐந்து வருஷம்வரை வெளிநாடு போகலாம் என்று அரசாங்கமே சுற்றறிக்கை விட்டது. நியமனத்துக்கு இரண்டு வருஷம் ஆர்ப்பாட்டம் செய்த என் பெட்ச் பொடியன் அந்த லீவில் கட்டார் போனான். அங்கே ஒரு களஞ்சியசாலையில் ஸ்கேனர் பிடிக்கிறான். "வேலை இருக்கு மச்சான், கதிரைதான் இல்ல" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்.

மற்றவர்கள்? இரண்டு பேர் பள்ளிக்கூடங்களில் இணைக்கப்பட்ட அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். வாத்தியார் வேலை செய்கிறார்கள், வாத்தியார் இல்லை. தங்களை ஆசிரியர் சேவையில் சேர்க்கச் சொல்லி கொழும்பு வீதியில் வெயிலில் நின்றவர்களில் அவர்களும் உண்டு. எங்களுக்குள் நன்றாகப் படித்தவள், வகுப்புச் சித்தி எடுத்தவள், கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலேயே டியூஷன் கொடுக்கிறாள். இருபத்தெட்டுப் பிள்ளைகள், என் சம்பளத்தைவிடக் கூட வருமானம். ஆனாலும் அவளுடைய மாமியார் இன்னும் கேட்கிறார், எப்ப நியமனம் என்று. பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் படித்த தம்பி ஒருவன் மேல்மலையில் ஒரு தோட்டத்தில் சின்னத்துரை. அவன் அப்பா கவ்வாத்து வெட்டினவர். அவன் முதல் நாள் பெரட்டுக் களத்தில் நின்றபோது தொழிலாளர்கள் தலைப்பாகையை அவிழ்த்தார்களாம். "கை எங்க வைக்கிறதுன்னு தெரியலண்ணே" என்றான்.

அவனைப் போல ஒருவனாவது இருக்கிறான் என்று சந்தோஷப்படுவதா, நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் தேயிலை நட்ட சனத்தில் தேயிலையைப் படித்து வந்தவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான் என்று வருத்தப்படுவதா? என் அபிப்பிராயத்தை மறைக்கவில்லை. மலையகத்துக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் மேடையில் கேட்கிறார்கள். வரட்டும், நல்லது. அதற்கு முன்னால் ஹட்டனுக்கு ஐந்து மணி பஸ் ஒன்றும், பின்னேரம் ஏழு மணி பஸ் ஒன்றும் விடுங்கள். எங்கள் பக்கத்திலிருந்து பொறியியலாளர் வருவார்.

உயர்தரம் எழுதியிருக்கிற, கம்பஸுக்கு விண்ணப்பிக்கப் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு விஷயம். முகவரி என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். டவுனில் தெரிந்த கடைக்காரர் ஒருவரைக் கேட்டு அவருடைய முகவரியைப் போடுங்கள், போன் நம்பரை எழுதுங்கள். பிறப்பத்தாட்சியிலும் அடையாள அட்டையிலும் உங்கள் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் மக்கள் தினத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வாங்க. சான்றிதழை மட்டும் லேமினேட் பண்ணிவிடாமல், மூலப்பிரதியோடு வாங்க.